டீகாஃபும் டிகாஷனும்

எனக்கு வாய் ஜாஸ்தி. ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் கேட் வாட்ச்மேன் வரைக்கும் அது தெரியும். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் நான் சூப்பர்வைசர். நாற்பது மெஷின், நாற்பது பெண்கள். தையல் ஒரு நூல் தள்ளிப் போனால் போதும், ஹாலின் இந்தக் கோடியில் நின்று நான் போடுகிற சத்தத்தில் அந்தக் கோடியில் இருப்பவள் மெஷினை நிறுத்துவாள். நான் எதிர்த்துப் பேசாத மேனேஜர் இல்லை, திட்டாத மெக்கானிக் இல்லை. அப்படிப்பட்டவள், பேசியே ஆகவேண்டிய ஒரு சமயத்தில் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னுடையது. பழியைச் சுமந்தவர் என் வீட்டுக்காரர்.

எடை நூற்றுப் பதினெட்டு கிலோ வரை போயிருந்தது. சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. சர்க்கரைக்கு மாத்திரை போதாமல் ஊசிக்கு வந்திருந்தேன். லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் எனக்கு 'டேங்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதில் விழாது என்று அவர்களுக்கு நினைப்பு. என் மகள், ஒரே பிள்ளை, அப்போதுதான் வேலூரில் ஒரு கல்லூரியில் நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். வயிற்றைச் சின்னதாக்குகிற ஆபரேஷனைப் பற்றி முதலில் பேச்செடுத்தவள் அவள்தான்.

"இப்டியே போனா நான் படிப்ப முடிக்கறதுக்குள்ள உன்ன பார்சல் பண்ணிடுவாங்கம்மா" என்றாள். வாய் மட்டும் அவளுக்கு அப்படியே என் வாய்.

என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், டிரம் ஓட்டுகிறவர். ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் மர உருளைகளில் தோலையும் தண்ணீரையும் கெமிக்கலையும் போட்டு மணிக்கணக்காகச் சுற்றவிடுகிற வேலை. பதினெட்டு வருஷத்தில் அவர் மூக்கு செத்துப்போய்விட்டது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. பேச்சும் கம்மி. "நல்லா இருக்கற வயித்த எதுக்கு வெட்டறாங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மகள் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் குடலும் இரைப்பையுமாகப் படம் வரைந்து விளக்கினாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ படிக்கறவ, உனக்குத் தெரியும்" என்றார். மகள் சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையில் ஒரு கோழிமுட்டை அளவை மட்டும் விட்டுவைத்து, அதை நேராகக் குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். தைக்கிற வேலையில் இருப்பவள் என்பதால் அந்தத் தையலைப் பற்றி நிறைய கேள்வி கேட்டேன். டாக்டர் சிரித்தார். புதுத் தையல் ஆறுகிற வரைக்கும் அதன்மேல் காரம், சூடு, புளிப்பு எதுவும் படக்கூடாது என்று சொன்னார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஒரு சின்னப் பெண் வந்தாள். கையில் ஒரு பேப்பர். வாயில் இங்கிலீஷும் தமிழும் கலந்து ரயில் மாதிரி ஓடியது. முதலில் தண்ணீர், பிறகு புளிக்காத மோர், பிறகு ப்ரோட்டீன் பவுடர், ஒரு மாதம் கழித்துக் குழைத்த சாதம். நான் பாதியைத்தான் கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர்தான் திடீரென்று வாயைத் திறந்தார்.

"காபி இல்லாம இவங்களால முடியாதும்மா. அதுக்கு இன்னா பண்றது?"

எனக்காக அவர் ஒரு இடத்தில் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஒரு மாசம் ஆகட்டும் சார். அப்புறம் டீகாஃப் காபி குடிக்கலாம். நல்லா ஆற வெச்சு, அதுலயே ப்ரோட்டீன் பவுடரக் கலந்து குடுங்க. ஆனா நார்மல் காபி வேண்டவே வேண்டாம்" என்றாள் அந்தப் பெண்.

டீகாஃப் என்றால் காபிக்கொட்டையிலிருந்து தூக்கத்தை விரட்டுகிற சரக்கை உருவிவிட்டு மீதியை மட்டும் பொடி பண்ணுவது. அது எனக்கும் தெரியாது, அந்தப் பேப்பரை வீட்டில் போய்ப் படித்த பிறகுதான் தெரிந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி போட்டு அடியில் கோடும் போட்டிருந்தார்கள். கம்பெனியில் ஆர்டர் ஷீட்டு படித்துப் படித்து எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வரும். அவருக்கு வராது. அவர் காதில் விழுந்தது டிகாஷன். அதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் பாக்கெட் பொடியைப் பாலில் கலக்கிக் குடிக்கிற காபிதான். அவரைப் பொறுத்தவரை அதுதான் நார்மல் காபி. ஃபில்டரில் இறக்குகிற டிகாஷன் காபி டாக்டர் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் குடிக்கிறது. நார்மல் வேண்டாம், டிகாஷன் குடுங்க என்று ஒரு ஆஸ்பத்திரி சொன்னால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அந்த முதல் மாதத்தை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ப்ரோட்டீன் பவுடரைத் தண்ணீரில் கலக்கினால் தோலை ஊறப்போட்ட தொட்டித் தண்ணீர் மாதிரி ஒரு வாடை வரும். அதை ஸ்பூன் ஸ்பூனாக, கால்மணிக்கு ஒரு வாய் என்று நாள் முழுக்கக் குடிக்கவேண்டும். பசியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. சமைக்கிற வாசனை வந்தால் அழுகை வரும். பக்கத்துத் தெரு கல்யாணத்தில் பிரியாணி தம் போடுகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறேன், நாற்பத்தாறு வயதில். சோறு போனது, குழம்பு போனது, பத்து மணி டீயும் பஜ்ஜியும் போயின. என்னிடமிருந்து எடையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

முப்பத்தோராவது நாள் காலை, அவர் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் டம்ளரோடு வந்து நின்றார். டம்ளர் கட்டில் பக்கம் வருவதற்குள் வாசனை வந்துவிட்டது. அது என்ன என்று என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாங்க இது?"

"காபி. ஒரு மாசம் ஆச்சில்ல? டிகாஷன் இறக்கி, ஆத்தி ஆத்தி, சூடு போனப்புறம் பவுடரப் போட்டேன். சூட்டுல போட்டா திரிஞ்சி போவுது. ரெண்டு தபா கீழ ஊத்திட்டேன்."

புதிதாக ஃபில்டர் வாங்கியிருக்கிறார். பஜாரில் கொட்டையை வறுத்து அரைத்துத் தருகிற கடைக்குப் போய், ஆபரேஷன் ஆனவங்களுக்கு டிகாஷன் காபி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் அக்கறையாக, வயிற்றைக் கெடுப்பது சிக்கரிதான், சிக்கரி கலக்காத சுத்தமான பொடி வாங்கிப் போங்கள் என்றிருக்கிறார். பாதிக்குப் பாதி சிக்கரி கலந்திருந்தாலாவது வீரியம் பாதியாகியிருக்கும். அதுவும் போயிற்று. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, என் நன்மைக்காக, உள்ளதிலேயே கடுமையான காபியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் அந்தப் பேப்பர் காந்தத்தில் ஒட்டியிருந்தது. படுத்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'ஐயோ, இது அது இல்லைங்க' என்று சொன்னால் முடிந்தது. அவர் டம்ளரைக் கீழே ஊற்றிவிட்டு வேறு வாங்கிவரப் போயிருப்பார்.

குடித்தேன்.

முதல் வாய் தொண்டையில் இறங்கியபோது உடம்பு பூராவும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. கசப்பு. ஒரு மாதமாக நாக்கில் ஒரு ருசியும் படாதவளுக்கு அந்தக் கசப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் பயந்துவிட்டார்.

"ஜாஸ்தி ஆயிட்ச்சா? எனக்கு வாசன தெரியாதில்ல, அளவு புரியல."

"இல்ல" என்றேன். பிறகு, இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது, "கொஞ்சம் கம்மியாதான் இருக்கு" என்றேன்.

மறுநாள் ஒரு ஸ்பூன் பொடி கூடுதலாகப் போட்டார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஃபிளாஸ்க்கில் ஒன்று. சாயங்காலம் அவர் வந்ததும் ஒன்று. கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அடுப்படிப் பக்கம் வராத மனிதர், டவரா டம்ளரில் உயர உயர ஆற்றிக்கொண்டு நிற்பார். நுரை மேலே வந்தால் அவர் முகத்தில் ஒரு திருப்தி. பவுடர் வாடை துளிக்கூடத் தெரியாது. டிகாஷன் அதை முழுங்கிவிடும். நாங்கள் இரண்டு பேரும் அந்த வாரங்களில் பேசிக்கொண்ட அளவுக்கு அதற்கு முன் பேசியதில்லை. அதையும் சொல்லவேண்டும். நான் காபியை மட்டும் குடிக்கவில்லை. அவர் கையால் வருவதையும் சேர்த்துத்தான் குடித்தேன், விட மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஹாஸ்டலிலிருந்து வருவாள். அன்றைக்கு மட்டும், "வயிறு ஒரு மாதிரி இருக்கு, இன்னிக்குக் காபி வேணாங்க" என்பேன். ஃபில்டரை மேல் அலமாரியில் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். தெரியாமல் செய்கிறவர்கள் ஒளித்து வைப்பதில்லை.

எடை இறங்கிக்கொண்டே வந்தது. லைனில் பெண்கள் சுற்றி நின்று, "அக்கா, பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். நெஞ்சுக்குக் கீழே எரிய ஆரம்பித்திருந்தது. தையல் இழுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அதையும் பார்த்தேன். இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். ஆசை வந்துவிட்டால் மனிதனுக்குச் சாக்கு எங்கிருந்துதான் கிடைக்குமோ.

ஆகஸ்டு மாதம் ஒரு வியாழக்கிழமை பகலில், பன்னிரண்டாம் மெஷின் பக்கத்தில் விழுந்துவிட்டேன். இரண்டே பெண்கள் என்னைத் தூக்கினார்கள் என்று பின்னால் சொன்னார்கள். முன்பாக இருந்திருந்தால் பத்துப் பேர் வேண்டியிருக்கும். கம்பெனி வண்டியில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ரத்தமாக வாந்தி எடுத்தது எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது.

குழாய் விட்டுப் பார்த்ததில் தைத்த இடத்தில் புண், புண்ணிலிருந்து ரத்தக் கசிவு. ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை டாக்டர் வந்தபோது கட்டில் பக்கத்தில் என் வீட்டுக்காரரும் மகளும் நின்றிருந்தார்கள். அவளுடைய கண் வீங்கியிருந்தது.

"என்ன சாப்ட்டாங்க? மாத்திரை எதாவது வெளிய வாங்கிப் போட்டாங்களா? சிகரெட், மது, காபி?"

"காபி மட்டும்தான் சார்" என்று என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். நன்றாகச் செய்த வேலையைச் சொல்கிற குரல் அது. "டிகாஷன் காபி. சுத்தமான பொடி, சிக்கரி கலக்கறதில்ல. மூணு வேளையும் நான்தான் போட்டுத் தரேன்."

டாக்டர் அவரையே பார்த்தார். "டிகாஷனா? யார் குடுக்கச் சொன்னா?"

"நீங்கதான் சார். அந்தப் பொண்ணு சொல்லிச்சே, டிகாஷன் காபில பவுடரக் கலந்து…"

மகளுக்குத்தான் முதலில் விளங்கியது. "டீகாஃப்ப்பா" என்றாள்.  "டீ… காஃப். டிகாஷன் இல்ல. பேப்பர்ல எழுதியிருக்குப்பா. ஒரு போன் பண்ணி என்னக் கேக்கக்கூடாதா?"

"காபி மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது" என்றார் டாக்டர். "ஆனா ஆறாத தையல் மேல, வெறும் வயித்துல, தினம் மூணு வேளை இப்டி ஊத்தினா? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இவங்களப் பாத்திருக்க முடியாது." அதில் முதல் வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. கடைசி வாக்கியம் மட்டும்தான் அங்கே நின்றது. வார்டில் மற்ற கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, திட்டு வாங்குகிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் என் முகத்திலிருந்து கண்டுபிடித்திருப்பார்.

எனக்கு மூக்கில் டியூப் போட்டிருந்தார்கள். டியூப் இருக்கிறது, பேச முடியாது என்று நினைத்துக்கொண்டேன். டியூப் மூக்கில்தான் இருந்தது. வாய் காலியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் அது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் தப்பு. பத்து நாள் கழித்துச் சொன்னால் துரோகம். கதை அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது. படிக்காத மனுஷன், டாக்டர் ஒன்று சொல்ல இவர் ஒன்று செய்து பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தார் என்று சொந்தக்காரர்கள் சிரித்தும் சிரிக்காமலும் பேசினார்கள். தோல் ஷாப்பில் அவருக்குப் பெயரே 'டிகாஷன்' என்று ஆகிவிட்டது. ஒரு நாள் அவரோடு வேலை செய்கிறவர் வாசலில் வண்டியை நிறுத்தி, "டிகாஷன் கீறாரா?" என்று என்னையே கேட்டார். "கீறார்" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டேன்.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். மகள் விஷயம்தான் பொறுக்க முடியாததாக இருந்தது. அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், என்னோடு பேசுவாள், என் மாத்திரைகளைப் பிரித்து டப்பாக்களில் போடுவாள், அவர் அறைக்குள் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். முன்பெல்லாம் அவர் பஸ் ஸ்டாப்புக்குப் போய் அவளைக் கூட்டிவருவார். அவள் இப்போது நடந்தே வந்தாள். முதல் சில வாரங்கள் அவர் அங்கே போய் நின்றுவிட்டு, அவளுக்குப் பத்தடி பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு போவதை விட்டுவிட்டார்.

டீகாஃப் பொடியை அவள்தான் ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். சின்னக் கண்ணாடி ஜாடி. டாக்டர் இரண்டு மாதம் கழித்து அதற்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். அதன் ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள். காபி குடித்த டம்ளரைக் கழுவாமல் வெந்நீர் பிடித்த மாதிரி. பவுடரின் வாடையை அதனால் மறைக்க முடியாது. இன்றைக்கும் அதைத்தான் குடிக்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. எனக்கு அது போதும்.

ஆனால் அதைப் போட்டுத் தருகிறவரும் அவர்தான். வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன் என்றால் கேட்கமாட்டார். தோல் ஷாப்பில் ஒரு முறை உண்டு. கெமிக்கலை எடை போட்டு, சூப்பர்வைசரிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் டிரம்மில் ஊற்றவேண்டும். அதையே வீட்டிலும் கொண்டுவந்தார். ஸ்பூனில் பொடியை எடுத்து, கத்தியால் மட்டம் தட்டி, மற்ற கையில் ஜாடியின் லேபிளை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"பாத்துக்க. இதானே?"

நான் தலையாட்டவேண்டும். தினமும் காலையில், நான் தலையாட்டினேன். அவர் காபி குடிப்பதையே விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "புடிக்கல" என்றார்.

டிசம்பரில் மகளுடைய கல்லூரியில் விளக்கேற்றுகிற விழா. முதல் வருஷப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் கையில் விளக்கோடு உறுதிமொழி எடுப்பார்கள். பெற்றவர்களைக் கூப்பிடுவார்கள். அவர் சேதி கேட்டதுமே டெய்லரிடம் பேண்ட் தைக்கக் கொடுத்திருந்தார். விழாவுக்கு நாலு நாள் முன்னால் மகள் போன் செய்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"சனிக்கெழம பத்து மணிக்கும்மா. நீ மட்டும் வா."

"அப்பா?"

"நீ மட்டும் வாம்மா. நான் அங்க நின்னு உறுதிமொழி எடுக்கணும். அவர் மூஞ்சப் பாத்தா எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டெய்லர் கடையிலிருந்து வந்த பேண்ட் மடியில் இருந்தது. அதை மடிப்புக் கலையாமல் திரும்பக் கவருக்குள் போட ஆரம்பித்தார். கவர் சின்னது, உள்ளே போகவில்லை. அவர் மறுபடி மறுபடி முயற்சி பண்ணினார். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது டிகாஷன்னு எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும்."

கை நின்றது. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தெருவில் தண்ணீர் லாரி நின்று பெண்கள் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் எதையோ கணக்குப் போடுவது தெரிந்தது.

"அதான் ஞாயித்துக்கெழம வேணான்னியா?"

"ஆமா."

"கம்மியா இருக்குன்னு சொன்னியே."

"ஆமாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன்.

"நல்லா இருந்துச்சா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "இன்னாது?"

"நான் போட்டது. எனக்குத்தான் வாசனையே தெரியாதே. நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க" என்றேன்.  அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் அழுதேன். இப்போதே மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"வாணாம். என் மேல கோவம்னா, படிக்காதவன், தப்பாக் கேட்டுட்டான்னு ஒரு நாளைக்கு ஆறிடும். நீ தெரிஞ்சே குடிச்சன்னா அது வேற. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து அழுதுச்சு பொண்ணு. நான் பாத்தேன். உம் மேல அதுக்குப் பாசம் விட்டுப்போவக் கூடாது."

நான் போனைக் கீழே வைத்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததே என்பதை நினைத்தால் இன்னமும் தலை குனிகிறது.

சனிக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறினேன். பெற்றவர்களுக்கு ஹாலில் இரண்டு இரண்டு நாற்காலியாகப் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன். "இங்க ஆள் வராங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். "இல்ல, உக்காருங்க" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஹால் விளக்குகளை அணைத்தார்கள். வரிசையாக வெள்ளை உடுப்பு, ஒவ்வொரு கையிலும் ஒரு சுடர். என் மகள் மூன்றாவது வரிசையில் நின்றாள். நோயாளிக்கு உண்மையாக இருப்பேன் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னபோது அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் வெளியே மரத்தடிக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் கை என்னை முழுசாகச் சுற்றி வருகிறது.

"நீ உசுரோட வந்து உக்காந்திருந்த பாரும்மா, அது போதும் எனக்கு. அந்த ஆள் பண்ண வேலைக்கு…"

அந்த ஆள். பஸ் ஸ்டாப்பில் போய் நின்றவரை. அவரை அவள் அப்படிச் சொன்ன பிறகு என்னால் அந்தக் கைக்குள் நிற்க முடியவில்லை.

"அப்பா தப்பு இல்லம்மா. நான் பேப்பரப் படிச்சேன். அது டிகாஷன்னு தெரிஞ்சிதான் குடிச்சேன். மூணு வேளையும் தெரிஞ்சிதான் குடிச்சேன்."

கையை எடுத்தாள். நர்ஸ் கேட்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். "எப்பலேந்து தெரியும்?"

"மொத நாள்லேந்து."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நாலு நாளாத் தெரியும். உங்கிட்ட சொல்லாதன்னு அவர்தான் சொன்னார்."

 பிறகு என் கையிலிருந்த போனை வாங்கி, திரும்பி நின்றுகொண்டு, அவருக்குப் போட்டாள்.

"ப்பா."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை போலிருக்கிறது. மறுபடியும், "ப்பா, நான்தான்" என்றாள். "சாப்ட்டியாப்பா?"  தோள் குலுங்கியது. சுற்றி எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றவள், போனை என் பக்கம் நீட்டினாள். "பேசணுமாம்."

"சொல்ட்டியா?" என்றார்.

"சொல்ட்டேன்."

"சரி" என்றார்.  "மணி ஒண்ணாவுது. வெறும் வயித்தோட பஸ் ஏறாத. எதுனா குடிச்சிட்டு வா."

போனைத் திரும்ப நீட்டினேன். என் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டு, அப்பாவோடு பேசியபடியே ஹாஸ்டல் பக்கமாக நடந்தாள் மகள்.